முதலில் முகம்

(திரைப்பட ரசனைப் பயிலரங்கு ஒன்றில் கலரிஸ்ட் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிறத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டு, ஒரு படத்துண்டைக்கூடப் போட்டுக் காட்டாமல் பேசப்போகிறேன். அமைப்பாளர்கள் ப்ரொஜெக்டர், திரை எல்லாம் தயாராக வைத்திருந்தார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். இந்த மண்டபத்துச் சுவர் இளமஞ்சள். மேற்குப் பக்க ஜன்னல்களில் வெயில் இன்னும் இறங்கவில்லை. தலைக்கு மேல் எரிகிற குழல்விளக்குகள் ஒன்றுக்கொன்று நிறம் ஒத்துப்போகவில்லை. இந்த வெளிச்சத்தில் ஒரு ஃப்ரேமைக் காட்டி, 'பாருங்கள், இதுதான் சரியான நிறம்' என்று சொன்னால் அது பொய்ச்சாட்சி. பட்டுப்புடவை எடுக்கப் போகிற நம் வீட்டுப் பெண்கள் இதில் என்னைவிடக் கறாரானவர்கள். கடைக்குள் எத்தனை விளக்கு எரிந்தாலும், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒருமுறை விரித்துப் பார்க்காமல் பில் போட விடமாட்டார்கள்.

பாரிஸில் கோப்லான் என்று ஓர் அரசு நெசவுக்கூடம் உண்டு. சுவரில் தொங்கவிடும் சித்திரத் திரைச்சீலைகளுக்குப் பேர்போனது. 1820களில் அங்கே சாயப் பிரிவின் பொறுப்பில் இருந்தவர் மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் சரியில்லை, மங்கித் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்துப் பார்த்தார், குறை ஒன்றுமில்லை. கறுப்புக்குப் பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் அதை மங்கவைத்துக் காட்டின. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தை நம் கண்ணில் எப்படி மாற்றிவிடுகிறது என்பதை அவர் 1839இல் ஒரு பெரிய புத்தகமாகவே எழுதினார். எங்கள் தொழிலின் பாலபாடமும் அதுதான். கலரிஸ்ட்டின் அறைக்குச் சாம்பல் பூசுவதும், மானிட்டருக்குப் பின்னால் 6500 கெல்வின் நிறத்தில் மங்கலாக ஒரு விளக்கு எரியவிடுவதும் அதனால்தான். சிவப்புச் சட்டை போட்டு வருகிற தயாரிப்பாளருக்குப் பின்வரிசை சோபாவைக் காட்டுவதும் அதே காரணத்துக்காகத்தான்; அவர் வேறு காரணம் என்று நினைத்துக்கொள்வார்.

கலர் கிரேடிங் என்றதும் பலருக்கு செல்போன் ஃபில்டர் நினைவுக்கு வருகிறது. ஆனால் எங்கள் நேரத்தில் பெரும்பகுதி மிகச் சலிப்பான ஒரு காரியத்தில் போகிறது. திண்ணையில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து பேசுகிற காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் நான்கு நிமிடம். எடுத்ததோ காலை ஏழு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு வரை. அண்ணன் கேட்கிற ஷாட் இளவெயிலில் எடுத்தது, தம்பி பதில் சொல்கிற ஷாட் உச்சி வெயிலில் எடுத்தது, நடுவில் ஒரு மேகம் வேறு வந்து போயிருக்கிறது. எடிட்டர் வெட்டி ஒட்டியதும் வாக்கியத்துக்கு வாக்கியம் பொழுது மாறுகிறது. அதை ஒரே பொழுதாக்குவது முதல் வேலை. பார்க்கிறவர்கள் அதைக் கவனிக்கவே கூடாது. படத்துக்கென்று ஒரு தோற்றம் கொடுப்பது, நாங்கள் 'லுக்' என்று சொல்வது, அதற்குப் பிறகுதான்.

இரண்டு வேலைக்கும் எங்கிருந்து தொடங்குவது? வானத்திலிருந்தா, சுவரிலிருந்தா, நாயகியின் புடவையிலிருந்தா? முகத்திலிருந்து என்பது என் பதில். நூற்றுக்குத் தொண்ணூறு கலரிஸ்ட்டுகள் இதையேதான் சொல்வார்கள், இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் 'யாருடைய முகம்?' என்று ஒருவர் எழுந்து கேட்டுவிட்டால், இந்தத் தொழிலின் வரலாறு முழுவதும் குறுக்கே வந்து நிற்கிறது. இன்றைக்கு அந்தக் கேள்வியோடுதான் வந்திருக்கிறேன்.

மௌனப் படக் காலத்திலேயே திரையில் நிறம் உண்டு. கறுப்பு வெள்ளைப் பிரிண்டைச் சாயத்தொட்டியில் முக்கி எடுப்பார்கள். இரவுக்கு நீலம், விளக்கொளிக்கு மஞ்சள், தீப்பிடித்தால் சிவப்பு. பிரெஞ்சுத் திரைப்பட முன்னோடி மெலியேயின் படங்களுக்கு பாரிஸில் எலிசபெத் துயில்யே என்ற பெண்மணியின் பட்டறையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஃப்ரேம் ஃப்ரேமாகத் தூரிகையால் வண்ணம் தீட்டினார்கள். பேசும் படம் வந்ததும் சாயம் ஒலித்தடத்தைக் கெடுத்ததால் தொட்டியில் முக்குகிற வழக்கம் ஒடுங்கியது. 1930களில் டெக்னிகலர் வந்தது. ஒரே நேரத்தில் மூன்று நெகட்டிவ் ஓடுகிற, பீரோ போன்ற கேமரா. அதை வாடகைக்கு எடுக்கிற ஸ்டுடியோ, அந்தக் கம்பெனியின் நிற ஆலோசகரையும் சேர்த்தே ஏற்க வேண்டும். அக்கால ஹாலிவுட் வண்ணப் படங்களின் டைட்டிலில் நடாலி கால்மஸ் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். 1950இல் ஈஸ்ட்மென் கலர் வந்து, சாதாரணக் கேமராவில் ஒரே நெகட்டிவில் நிறத்தைப் பிடித்தது. நம் பக்கம் 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' கேவா கலரில் வந்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகளுக்கு நம்மூர்ச் சுவரொட்டிகளில் பிலிமின் பெயரே ஒரு நட்சத்திரம் மாதிரி நின்றது: கேவா கலர், ஈஸ்ட்மென் கலர், பின்னாளில் ஓர்வோ கலர்.

லேப் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இன்று மென்பொருளோடு வளர்ந்தவர்களுக்கு அந்த வேலையின் வரம்பு தெரியாது. நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போடுகிற இயந்திரத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்கொளி. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஐம்பது படிகள், அவற்றுக்குப் பாயிண்ட் என்று பெயர். மூன்றும் 25இல் நின்றால் அது நடுநிலை. கேமராவில் ஒரு ஸ்டாப், அதாவது ஒளி இரண்டு மடங்காகவோ பாதியாகவோ, தவறினால் லேப்பில் ஏழெட்டு பாயிண்ட்டில் சரிக்கட்டலாம். கேமராமேனும் கிரேடரும் இருட்டுக் கொட்டகையில் ரஷ் பார்ப்பார்கள். 'இந்த ஷாட்ல ரெட் ரெண்டு பாயிண்ட் குறைங்க, அடுத்ததுல மூணையும் ஒண்ணு ஏத்துங்க' என்பார் கேமராமேன். கிரேடர் குறித்துக்கொள்வார். எந்த ஃப்ரேமில் விளக்கு மாற வேண்டும் என்பதைக் காகித நாடாவில் துளையிட்டு இயந்திரத்துக்குச் சொல்வார்கள். ரீல் ஓட ஓட விளக்குகள் தாமாக மாறும்.

அந்த இயந்திரத்தால் ஒன்று மட்டும் முடியாது. ஃப்ரேமுக்குள் ஓர் இடத்தை மட்டும் தொட முடியாது. முகத்தை ஏற்றினால் வானமும் சேர்ந்து ஏறும். முகத்தின் பச்சையைக் குறைத்தால் வயலின் பச்சையும் குறையும். ஆகவே முகத்தைக் கவனிக்க வேண்டிய இடம் லேப் இல்லை, படப்பிடிப்புத் தளம். ரிஃப்ளெக்டரும் தெர்மாகோலும் ஸ்கிம்மரும் கட்டரும் தூக்கி நின்ற லைட்மேன்கள்தாம் அன்றைக்குப் பாதிக் கலரிஸ்ட்டுகள்.

இப்போது தமிழ்நாட்டின் மிகக் கடினமான ஷாட் எது என்று சொல்கிறேன். ஹெலிகாப்டர் ஷாட்டெல்லாம் இல்லை. உச்சி வெயிலில், வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கிற கறுத்த மனிதர். சலவை வெள்ளைத் துணி தன்மேல் விழும் ஒளியில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்புகிறது. நன்கு கறுத்த தோல் அனுப்புவது பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. இடைவெளி மூன்று ஸ்டாப்புக்கு மேல். துணியைக் காப்பாற்றினால் முகம் பிலிமின் அடிமட்டத்துக்கு, நிறமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கருகிப்போகிற இடத்துக்கு, இறங்கிவிடும். முகத்தைக் காப்பாற்றினால் சட்டை வெறும் வெள்ளைப் பொத்தல். பக்கத்தில் வெளுத்த தோலுள்ள நாயகியையும் நிறுத்துங்கள், சிக்கல் இரட்டிப்பாகும். ஒளிமானி அளக்கிற 18 சதவீதச் சாம்பலுக்கு ஏறக்குறைய ஒரு ஸ்டாப் மேலே நாயகியின் முகம், ஒரு ஸ்டாப் கீழே கறுத்த மனிதரின் முகம். ஒரே ஃப்ரேம், ஒரே பிரிண்டர் விளக்கு. தமிழ் சினிமா பல பத்தாண்டுகள் இந்த ஜோடியைத்தான் விற்றுக்கொண்டிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதை வெறும் இயற்பியல் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் பிலிம் என்பது வானத்திலிருந்து விழுந்த பொருள் கிடையாது. எந்த நிறத்தை அழகாகக் காட்ட வேண்டும் என்று ஆலையில் உட்கார்ந்து மனிதர்கள் முடிவு செய்தார்கள். புகைப்பட லேப்களுக்குக் கோடாக் அனுப்பிய மாதிரி அட்டையில் ஒரு பெண் இருப்பாள். அந்த அட்டைக்கு ஷெர்லி என்றே பெயர். அவள் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி. சினிமா ரீல்களின் தலைப்பிலும், பார்வையாளர் கண்ணில் படாத சில ஃப்ரேம்களில், சாம்பல் கட்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண்முகம் வைப்பார்கள், கிரேடர் தன் அளவைச் சரிபார்ப்பதற்கு. அந்த முகங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்களின் முகங்கள். பல இன முகங்கள் கொண்ட மாதிரி அட்டை 1990களில்தான் வந்தது. அதற்கு முன்பே பிலிமின் பழுப்பு நிறத்தைத் திருத்தத் தூண்டியவர்களில், தங்கள் பொருள் படத்தில் சரியாக வரவில்லை என்று புகார் செய்த சாக்லேட்காரர்களும் மரச்சாமான்காரர்களும் உண்டு. ஊடக ஆய்வாளர் லோர்னா ராத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மனிதர்களின் முகம் செய்யாத வேலையைத் தேக்கு நாற்காலி செய்தது என்று இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்துக்குத்தான்.

அந்தப் பிலிமை வைத்துக்கொண்டும் சிலர் செய்து காட்டினார்கள். 1978இல் மகேந்திரன் இயக்கிய 'முள்ளும் மலரும்' படத்துக்கு ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. இலங்கையின் மட்டக்களப்பில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர். அந்தப் படத்தில் ரஜினிகாந்தின் முகத்தைப் பாருங்கள். அதன் கறுப்பை எங்கும் மழுப்பவில்லை. முன்னால் விளக்கை வைத்து அடிக்காமல், ஒரு பக்கத்திலிருந்து வருகிற மென்மையான ஒளி கன்ன எலும்பைத் தொட்டுப் போகிறது, முகம் வடிவம் கொள்கிறது. நடிகைகள் ஷோபாவையும் அர்ச்சனாவையும் அவர் படம்பிடித்ததும் இதே வழியில்தான். கறுத்த தோலை நிறைய வெளிச்சத்தால் காட்ட முடியாது, வெளிச்சம் அதன்மேல் பட்டு மினுங்குகிற திசையால்தான் காட்ட முடியும் என்பதைப் பலருக்கு முன்பே அறிந்தவர் அவர். இதை அவர் லேப்பில் செய்யவில்லை, செய்யவும் முடியாது.

வரம்பு உடைந்தது 2000இல். கோயன் சகோதரர்களின் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?' படத்துக்கு ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ். கதை 1930களின் பொருளாதார மந்தக் காலம், வறண்ட பூமி, பழைய புகைப்படம்போல் தோற்றம் வேண்டும். படம் எடுத்ததோ மிசிசிப்பியில், கோடையில், கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை. ரசாயன முறைகளை டீக்கின்ஸ் சோதித்துப் பார்த்தார். பச்சையைக் கருக்கினால் முகமும் கூடவே கருகியது. கடைசியில் நெகட்டிவ் முழுவதையும் ஸ்கேன் செய்து கணினிக்குள் கொண்டுபோனார்கள். இலைகளின் பச்சையை மட்டும் பிடித்து வைக்கோல் நிறமாக்கினார்கள், தோலைத் தொடவில்லை. வாரக்கணக்கில் நடந்த வேலை. முழுக்க டிஜிட்டலில் நிறம் திருத்தப்பட்ட முதல் ஹாலிவுட் படமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். திருத்தியதைத் திரும்பவும் பிலிமில் பதித்தார்கள். நெகட்டிவுக்கும் பிரிண்டுக்கும் நடுவில் நின்ற இந்தப் படிக்குத்தான் டிஜிட்டல் இன்டர்மீடியட், சுருக்கமாக டி.ஐ., என்று பெயர் வந்தது. பிலிமே போன பிறகும் கோடம்பாக்கத்தில் அதே பெயர்தான் வழங்குகிறது. 'படம் டி.ஐ.யில இருக்கு' என்பார்கள்.

அப்போது இப்படிக் கணினியில் நிறம் திருத்துகிற இயந்திரங்கள் லட்சக்கணக்கான டாலர் விலை. 2009இல் அத்தகைய இயந்திரங்களைச் செய்த டாவின்சி நிறுவனத்தை ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் வாங்கியது. 2011இல் அதன் ரிசால்வ் மென்பொருளின் ஒரு வடிவத்தை இலவசமாகவே விட்டார்கள். இந்த அரங்கில் மடிக்கணினி வைத்திருக்கிற யாரும் இன்று ராத்திரியே அதை இறக்கிக்கொள்ளலாம். அதனால்தான் இனி கொஞ்சம் தொழில்நுட்பம் பேசத் துணிகிறேன்.

கேமராவில் லாக், அதாவது மடக்கை, என்ற முறையில் பதிவு செய்தால் படம் சாம்பல் பூத்து, உயிரில்லாமல் தெரியும். மாணவர்கள் பயந்துபோய் உடனே எங்கிருந்தோ இறக்கிய ஒரு லட்டை, அதாவது தயாராகக் கிடைக்கிற நிறமாற்ற அட்டவணையை, தூக்கிப் போடுகிறார்கள். லாக் ஏன் அப்படி இருக்கிறது? ஒளி ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் இரட்டிக்கும். அதை அப்படியே நேர்க்கணக்கில் எழுதினால், இருக்கிற எண்களில் பாதி உச்சியிலுள்ள ஒரே ஒரு ஸ்டாப்புக்குப் போய்விடும். நிழலிலுள்ளவற்றுக்கு மிஞ்சுவது சில்லறை. லாக் கணக்கில் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஏறக்குறையச் சமமான பங்கு. வெளுத்த கன்னத்துக்குக் கிடைக்கிற அளவு நுணுக்கம் கறுத்த கன்னத்துக்கும் கிடைக்கிறது. நான் இயந்திரங்களைப் புகழ்கிறவன் இல்லை. ஆனாலும் ஷெர்லி அட்டைக்காரர்கள் செய்யாத நியாயத்தை இந்த மடக்கைக் கணக்கு செய்திருக்கிறது.

அடுத்தது ஸ்கோப். கண் ஏமாறும் என்று ஷெவ்ரல் சொல்லிவிட்டாரே, அதனால் வரைபடங்களை வைத்துப் பார்க்கிறோம். வேவ்ஃபார்ம் என்பது பிரகாசம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று காட்டும். வெக்டர்ஸ்கோப் என்பது ஒரு வட்டம். நடுப்புள்ளியிலிருந்து எந்தத் திசையில் நகர்கிறதோ அது நிறம், எவ்வளவு தூரம் போகிறதோ அது செறிவு. அந்த வட்டத்தில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கும், தோலின் கோடு. நடுநிலையான வெளிச்சத்தில் எடுத்த ஸ்வீடன்காரர் முகமும், பஞ்சாபி முகமும், ராமநாதபுரத்து மீனவர் முகமும், நைஜீரியர் முகமும் அந்தக் கோட்டை ஒட்டியேதான் விழும். தோலுக்கு நிறம் தருவது முக்கியமாக ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினும் மேல்தோலிலுள்ள மெலனினும். மெலனின் கூடக் கூடப் பிரகாசம் குறையும், செறிவு மாறும், திசை பெரிதாக மாறாது. உலகத்தில் உள்ள எல்லோரும் ஒரே திசையில்தான் இருக்கிறோம், உயரம்தான் வேறு. இது மேடைப் பேச்சுக்காகச் சொல்வது இல்லை, போய் ஸ்கோப்பில் பாருங்கள்.

அந்தக் கோட்டையே வேதமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். சிம்னி விளக்கில் உட்கார்ந்திருக்கிற பாட்டியின் முகம் கோட்டில் விழக் கூடாது. விழுந்தால் விளக்கு பொய்யாகிவிடும்.

கறுத்த முகத்தைக் கிரேட் செய்யும்போது புதியவர்கள் நிழலை ஏற்றுகிறார்கள். உடனே கறுப்பு சாம்பலாகி, முகத்தில் புகை படிந்ததுபோல் ஆகிவிடும். நான் செய்வது வேறு. முகத்தை அதன் உயரத்திலேயே விடுவேன். சட்டையின் வெள்ளையைத் தனியாகப் பிடித்து இறக்குவேன். பின்னால் உள்ள சுவரை ஒரு விண்டோ, அதாவது திரையில் வரைகிற வேலி, போட்டு இன்னும் இறக்குவேன். சுற்றுப்புறம் தணிந்ததும் முகம் தானாகவே எழுந்து நிற்கும். பிறகு முகத்தின் நடு ஒளியில் மட்டும் கொஞ்சம் மாறுபாடு கூட்டி, நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் உள்ள மினுக்கைக் காப்பாற்றுவேன். நிழலில் பச்சை ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வேன்; கறுத்த தோலில் பச்சை ஏறினால் நோயாளி முகம்.

2016இல் வந்த 'மூன்லைட்' படத்தை இந்தக் கண்ணோடு பார்க்கச் சொல்வேன். மியாமியில் வளர்கிற கறுப்பினச் சிறுவன் ஒருவனின் வாழ்க்கை மூன்று பகுதிகளாக. ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் லாக்ஸ்டன், கலரிஸ்ட் அலெக்ஸ் பிக்கெல். டிஜிட்டலில் எடுத்த படம்தான். ஆனால் முதல் பகுதிக்கு ஃபூஜி பிலிமின் குணம், இரண்டாவதுக்கு ஆக்ஃபா, மூன்றாவதுக்குக் கோடாக் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பிலிமை முன்மாதிரியாக வைத்து நிறம் அமைத்தார்கள். தோலின் மினுக்கைப் பவுடரால் அடக்கவும் இல்லை, முகங்களை வெளுக்கவும் இல்லை. கறுப்புக்குள் நீலமும் செம்பும் தனித்தனியாகத் தெரிகின்றன. ஒரு காலத்தில் இந்த முகங்களைப் பிடிக்கத் தவறிய பிலிமின் அழகையே கடன் வாங்கி, இந்த முகங்களுக்குப் போட்டார்கள் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

லுக் பற்றி நீளமாகப் பேச மாட்டேன். உலகமெங்கும் அலுத்துப்போகிற அளவுக்கு வந்துவிட்ட நீலப்பச்சை-ஆரஞ்சு ஜோடிகூட முகத்தில்தான் தொடங்கியது. தோல் ஆரஞ்சுப் பக்கம் இருக்கிறது, அதற்கு எதிர்நிறத்தைப் பின்னணியில் ஊற்றினால் முகம் பிரிந்து நிற்கும். அளவோடு செய்தால் நல்ல உத்தி. மஞ்சள் சமாச்சாரம் அப்படியில்லை. இயக்குநர் சோடர்பெர்க் 2000இல் 'டிராஃபிக்' படத்தில் மெக்சிகோவை மஞ்சளாகவும் அமெரிக்க வடக்கைக் குளிர்ந்த நீலமாகவும் பிரித்தார். மூன்று கதைகள் பின்னிப் போகிற படத்தில் எந்த ஊர் என்று சட்டென்று தெரிய அது உதவியது. பிறகு வந்தவர்கள் உதவியை விட்டுவிட்டு மஞ்சளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2020இல் 'எக்ஸ்ட்ராக்‌ஷன்' படத்தில் டாக்கா நகரமே மஞ்சள்காமாலை வந்ததுபோல் இருந்தது. நம் நாட்டு உச்சி வெயில் மஞ்சள் இல்லை ஐயா, அது வெள்ளை. ஆனால் கல்லெறியும் முன் நம் கையையும் பார்க்க வேண்டும். அரிவாள் தூக்குகிற கிராமத்துப் படம் என்றால் செம்பழுப்பு என்று நாமும்தான் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். வைகைக் கரையில் பச்சையே கிடையாதா?

இரவைப் பற்றி ஒன்று. 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' படத்தின் நீல இரவுகள் நமீபியப் பாலைவனத்தில் பட்டப்பகலில் எடுத்தவை. பழைய முறையில் பகலை இரவாக்க, குறைவான ஒளியில் பதிவு செய்வார்கள். இவர்கள் தலைகீழாக, இரண்டு ஸ்டாப் அதிகமாகவே ஒளியை வாங்கி, பிறகு கிரேடிங்கில் கீழே இறக்கினார்கள். நிழலில் இரைச்சல் புள்ளிகள் இல்லாமல், முகத்தின் விவரம் முழுவதும் கையில் இருந்தது. இருட்டைக் காட்ட வேண்டுமானால் வெளிச்சத்தைச் சேமித்துக்கொண்டு வா என்பது இதில் உள்ள சூத்திரம். கறுத்த முகங்களோடு இரவுக்காட்சி எடுக்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது. சேமிக்காமல் வந்தால் கிரேடிங்கில் நான் தூக்குவது முகத்தை மட்டுமாக இருக்காது, புள்ளிகளையும் சேர்த்துத்தான்.

பழைய படங்களைப் புதுப்பிக்கிறவர்களுக்கும் முகம்தான் கைகாட்டி. 1980களுக்கு முந்தைய ஈஸ்ட்மென் கலர் பிரிண்டுகளில் மூன்று சாயங்களில் சியான் முதலில் வெளிறிப்போகும். படம் முழுவதும் ரோஸ் நிறமாகிவிடும். பழைய பாடல்களைத் தொலைக்காட்சியில் பார்த்தால் அந்த ரோஸ் தெரியும். அன்றைக்கு அந்தச் செட்டில் திரைச்சீலை என்ன நிறத்தில் தொங்கியது என்று சொல்ல ஆளில்லை. ஆனால் அந்த நடிகரின் தோல் நிறம் தெரியும். அங்கிருந்து பிடித்துக்கொண்டு வர வேண்டியதுதான்.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. பிலிம் போய்விட்டது, அட்டை போய்விட்டது, கருவி எல்லாம் நியாயமாகிவிட்டது. பிறகும் என் பின்வரிசை சோபாவிலிருந்து ஒரு குரல் வருகிறது: 'முகத்தைக் கொஞ்சம் ஏத்துங்க சார்.' எல்லாப் படத்திலும் வரும். 'கிளீன் பண்ணுங்க' என்றும் வரும், தோல் ஏதோ அழுக்கு என்பதுபோல. செய்வது சுலபம். தோலின் நிறத்தை ஒரு தேர்வில் பிடித்து, பிரகாசத்தை ஏற்றி, செறிவைக் குறைத்து, துவாரங்கள் தெரியாமல் மழுப்பிவிட்டால் ஐந்து நிமிடத்தில் நாயகி நான்கு ஷேடு வெளுத்துவிடுவார். பிறகுதான் வினை. முகம் வெளுத்தது, கழுத்து வெளுக்கவில்லை. கழுத்தைப் பிடித்தால் கை நிற்கிறது. க்ளோஸப்பில் வெளுத்தவர், அடுத்த வைட் ஷாட்டில் ஊர்க்காரர்களோடு நிற்கும்போது பழையபடி இருக்கிறார். பக்கத்தில் நிற்கும் அம்மா பாத்திரத்துக்கு யாரும் 'ஏத்துங்க' என்று சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு தேசத்து வெளிச்சம்.

இதை லேப் காலத்துப் பிலிமின் தலையில் போட முடியாது. கருவியால் முடியாததைச் செய்யாமல் இருந்த காலம் அது. எல்லாம் முடிகிற காலத்தில் நாமே விரும்பிச் செய்வது இது. அதனால்தான் 2015இல் வெளியான 'காக்கா முட்டை' எனக்கு முக்கியமான படம். இயக்கியவரும் ஒளிப்பதிவு செய்தவரும் ஒருவரே, மணிகண்டன். சென்னைச் சேரியின் சந்தில் ஓடுகிற அந்த இரண்டு பையன்களின் முகத்தை யாரும் கழுவிவிடவில்லை. தேசிய விருது கிடைத்தது, கூட்டமும் வந்தது. 'கறுத்த முகத்தை ரசிகர் பார்க்க மாட்டார்' என்று சோபாவில் உட்கார்ந்து சொல்கிறவர்களுக்கு நான் எடுத்துச் சொல்கிற சாட்சி அது.

உங்களில் பெரும்பாலோர் நாளைக்கே சினிமாவுக்கு டி.ஐ. செய்யப் போவதில்லை. கல்யாண வீடியோ செய்வீர்கள், குறும்படம் செய்வீர்கள், போனில் எடுத்ததையே திருத்துவீர்கள். எனவே அதற்குப் பயன்படுகிற மாதிரிச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதலில் போனின் அழகுபடுத்தும் வசதியை அணைத்துவிட்டு எடுங்கள். அது உங்களைக் கேட்காமலே சோபாவின் வேலையைச் செய்கிறது. இதில் மாற்றமும் வந்துகொண்டிருக்கிறது. கூகுள் 2021இல் தன் பிக்சல் போனில் எல்லாத் தோல் நிறங்களையும் உள்ளபடி காட்டுவதற்கென்று தனி முயற்சி எடுத்தது. அடுத்த ஆண்டே சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கிய பத்துப் படித் தோல் அளவுகோலையும் வெளியிட்டது. ஷெர்லி ஒருத்தி இருந்த இடத்தில் பத்துப் படிகள்.

கல்யாண மண்டபம் கலரிஸ்ட்டுக்குச் சோதனைக்கூடம். மணமேடையில் வீடியோ விளக்கு வெள்ளை, அலங்கார எல்.இ.டி. ஊதா, பக்கவாட்டு வாசலில் காலை வெயில், நடுவில் ஓமத் தீ. அரக்குப் பட்டின் சிவப்பு முகத்தில் பிரதிபலிக்கும், மஞ்சள் பூசிய கன்னம் தோலின் கோட்டிலிருந்து விலகி மஞ்சள் பக்கம் நகரும். மஞ்சள் பூசிய முகம் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும், அதைக் கோட்டுக்கு இழுக்காதீர்கள். வேட்டி மடிப்பில் வெள்ளையைச் சரிபாருங்கள், அங்கே ஊதா ஏறியிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். பிறகு பெண்ணின் முகத்தை ஒரு ஷாட்டில் சரிசெய்து, அந்த ஃப்ரேமைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டுக் கொண்டுவாருங்கள். மாப்பிள்ளையின் பட்டுச் சட்டை கண்ணைக் கூசினால் சட்டையை இறக்குங்கள், அவரை ஏற்றாதீர்கள். முடித்த பிறகு ஒரு நல்ல டி.வி.யிலும், ஒரு மலிவான போனிலும், பகல் வெளிச்சத்திலும் பாருங்கள். அவர்கள் பார்க்கப்போவது அதில்தான்.

பெண் வீட்டார் வந்து 'இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்குங்க தம்பி' என்று நிச்சயம் கேட்பார்கள். பணம் கொடுக்கிறவர்களிடம் தத்துவம் பேச முடியாது, எனக்குத் தெரியும். நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிற வழி ஒன்று உண்டு. வெளுத்த வடிவம் ஒன்றையும் வெளுக்காத வடிவம் ஒன்றையும் அருகருகே வைத்து, எதைச் செய்தேன் என்று சொல்லாமல் மணப்பெண்ணையே பார்க்கச் சொல்லுங்கள். 'இதுல நான் என்னை மாதிரி இருக்கேன்' என்று அவள் எதைத் தொட்டுக் காட்டுகிறாளோ அதை ரெண்டர் போடுங்கள்.

நேரமாகிவிட்டது என்று அமைப்பாளர் கை காட்டுகிறார். லட் பற்றியும் மானிட்டர் விலை பற்றியும் கேள்விகள் சீட்டில் வந்திருக்கின்றன. மைக்கை அந்தக் கடைசி வரிசைக்குக் கொடுங்கள், அங்கிருந்து தொடங்கலாம்.